பல்கலைக்கழகம் பள்ளிக்கூடம் வந்த வரலாறு

சித்திரை பிறக்கும் நாட்களில், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசற்காட்டில், உச்சிப் பொழுதில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டுப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. கோல் இருக்கும், அதற்கு நிழல் இராது. சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பதே அதற்குக் காரணம். இவ்வட்டாரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9½ பாகையில் அமைந்திருப்பதால், ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 14, 15 ஆகிய நாட்களிலும் ஆகஸ்டு 28, 29 ஆகிய நாட்களிலும் இது நிகழ்கிறது. அந்த உச்சிப் பொழுதும் கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை; ஏறத்தாழ 12.18க்கு வருகிறது. நம் நாட்டுக் கடிகாரங்கள் 82½ பாகைத் தீர்க்கக்கோட்டின்படி ஓடுகின்றன. நாமோ அதற்கு நாலரைப் பாகை மேற்கே வாழ்கின்றோம். பாகைக்கு 4 நிமிடமாக 18 நிமிடம் பிந்துகிறது. கணக்கு அவ்வளவே.

கடிகாரம் வராத காலத்தில் நம் பள்ளிவாசல்களில் மோதினாருக்கு இந்தக் கணக்கின் ஒரு பகுதி கைவந்த கலையாக இருந்தது. நிழல் சாயத் தொடங்கினால் லுஹர். உச்சி நிழல் நீங்கலாக நிழலின் நீளம் கோலின் நீளத்தை எட்டினால் ஷாஃபியீ மத்ஹபின்படி அஸர். இரு மடங்கை எட்டினால் ஹனஃபீ மத்ஹபின்படி அஸர். தொழுகைக்கு வந்து நின்ற சிறுவனும் இதைக் கண்ணால் கண்டான். அதே சிறுவன் மறுநாள் வகுப்பில், பூமி சாய்ந்து சுழல்வதைப் பற்றிய பாடத்தைப் பொருள் விளங்காமல் நெட்டுருப் போட்டான். முற்றத்தில் கண்ட நிழலும் புத்தகத்தில் படித்த பாடமும் ஒன்றே என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. நாம் பயின்ற பள்ளியில் அறிவியற் கருவிகள் அடங்கிய அலமாரி ஒன்று இருந்தது. அதன் கண்ணாடி வழியாக முகவைகளையும் காந்தங்களையும் நாம் பார்த்ததுண்டு, தொட்டதில்லை. உடைந்தால் ஆசிரியர் தம் சம்பளத்தில் ஈடு செய்ய வேண்டியிருக்கும் என்ற அச்சத்தால் அது பூட்டியே இருந்தது. ஆசிரியரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவரும் பூட்டிய அலமாரியைப் பார்த்தே படித்து வந்தவர்தாம்.

இந்தப் பூட்டைத் திறக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? அறிவியலைத் தொழிலாகக் கொண்ட பல்கலைக்கழகத்தாருக்கு இதில் பங்கில்லையா? அப்பிள்ளைகளைப் பெற்ற ஊராருக்குப் பங்கில்லையா? இக்கேள்விகளுக்கு விடை தேடிய முயற்சிகளின் வரலாற்றை நம் சமுதாயக் குடும்பங்கள் அறிந்துகொள்வது இன்றியமையாதது எனக் கருதுகின்றோம்.

மேலிருந்து வந்த முயற்சிகள்

பள்ளி அறிவியலைச் சீர்செய்யப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் புறப்பட்ட கதை அமெரிக்காவில் 1956இல் பெருமளவில் தொடங்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியற் பேராசிரியர் ஜெரால்டு ஜக்காரியாஸ் ஒரு குழுவை அமைத்து, உயர்நிலைப் பள்ளிகளுக்கான இயற்பியற் பாடத்தைப் புதிதாக எழுத முற்பட்டார். மறு ஆண்டு அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், அம்முயற்சிக்குப் பொருளும் ஆதரவும் வெள்ளமெனப் பாய்ந்தன. இங்கிலாந்தில் 1962இல் நஃபீல்டு அறக்கட்டளை இத்தகைய பணியை மேற்கொண்டது.

அந்த அலை நம் நாட்டையும் தொட்டது. 1963 முதல் கோடை விடுமுறைகளில் பல்கலைக்கழகங்களில் அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடைபெற்றன. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு, பத்தாம் வகுப்பு வரை எல்லா மாணவர்க்கும் அறிவியலைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழகங்கள் பள்ளிகளுக்குத் துணைநிற்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் சில வாரங்கள் பேராசிரியரிடம் பாடம் கேட்டுத் திரும்பும் ஆசிரியருக்கு ஊரில் காத்திருந்தவை எவை? பழைய பாடநூல், பழைய தேர்வு, பழைய பூட்டு. பேராசிரியர் அவருடைய வகுப்பறையைக் கண்டதில்லை. அவருடைய இடர்ப்பாடுகளைக் கேட்டதுமில்லை. மேட்டுநீர் பள்ளத்திற்கு வரும் என்பது உண்மையே. ஆயினும் வாய்க்காலைத் தூர்வாராமல் மடையைத் திறந்தால் கடைமடை நிலம் காய்ந்துதான் கிடக்கும். கண்மாய்ப் பாசனம் அறிந்த நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நர்மதைக் கரையில் ஒரு சோதனை

வாய்க்காலையும் சேர்த்துத் தூர்வாரிய முயற்சி ஒன்று நம் மாநிலத்திற்கு வெளியே, மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆற்றங்கரையில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் நிகழ்ந்தது. அம்மாவட்டத்திற்கு இப்போது நர்மதாபுரம் என்று பெயர். மூலக்கூற்று உயிரியல் கற்று, பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய அனில் சத்கோபால், அப்பணியைத் துறந்து அங்குள்ள சிற்றூர் ஒன்றில் ‘கிஷோர் பாரதி’ என்னும் அமைப்பை நிறுவினார். ரசூலியாவில் குவேக்கர் சமயத்தார் தொடங்கிய நண்பர்கள் கிராம மையம் ஏற்கெனவே பணியாற்றி வந்தது. இவ்விரு அமைப்புகளும் மாநில அரசின் இசைவைப் பெற்று, 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியற் பாடத்தைப் புதிய முறையில் கற்பிக்கத் தொடங்கின.

டாட்டா நிறுவனத்து விஞ்ஞானிகள் தொடக்கத்தில் துணை நின்றனர். 1973 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் இப்பணியில் இறங்கினர். பல்கலைக்கழக மானியக் குழுவும் அவர்களுக்கு ஆதரவு தந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்க வேண்டியவர் கிராமப் பள்ளிக்குப் போவதும் பல்கலைக்கழகப் பணியே என்று இதனால் ஒப்புக்கொள்ளப்பட்டது. நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் இதைச் சிறிய செய்தி என்று ஒதுக்க முடியாது.

அங்கே பாடம் நடந்த முறையைக் காண்போம். பிள்ளைகள் நால்வர் நால்வராக அமர்ந்து தாமே சோதனை செய்தனர். ‘பால் வைக்ஞானிக்’, அதாவது ‘இளம் விஞ்ஞானி’ என்னும் பாடநூல் கேள்விகளையும் செய்முறைகளையும் மட்டுமே தந்தது, விடைகளைத் தரவில்லை. கண்டதைப் பிள்ளைகள் தம் குறிப்பேட்டில் எழுதினர். மாறுபட்ட முடிவுகளை வைத்து வகுப்பில் வாதிட்டனர். தேர்வறைக்குப் பாடநூலையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்ல அனுமதி இருந்தது. புத்தகத்தில் விடையே இல்லாதபோது அதை மறைத்து வைக்க வேண்டிய தேவை ஏது? செய்முறைத் தேர்வும் உடன் நடந்தது.

விலைமிக்க கருவிகளுக்கு மாற்றாகக் கையில் கிடைத்தவை பயன்பட்டன. பூவைப் பிரித்துப் பார்க்க எஃகு ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள்ளே போதுமானதாயிற்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா 1978இல் அங்கு வந்து, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் இணைத்து வடிவியல் உருவங்களைச் செய்து காட்டினார். பின்னர் அவர் எழுதிய நூல்கள் நாட்டின் பல மொழிகளிலும் பிள்ளைகளைச் சென்றடைந்தன. கருவேல முள்ளுக்கு அருப்புக்கோட்டைச் சீமையில் பஞ்சம் உண்டோ?

இத்தனையிலும் நம் உள்ளத்தைக் கவர்வது வேறொன்று. பேராசிரியர்கள் எழுதிய பாடங்கள் வகுப்பில் சோதிக்கப்பட்டன. எந்தச் சோதனை நடக்கவில்லை, எந்தக் கேள்வி பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று கிராமத்து ஆசிரியர்கள் சொன்னதைக் கேட்டுப் பாடங்கள் திருத்தி எழுதப்பட்டன. மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடித் தம் இடர்ப்பாடுகளைப் பேசினர். ‘சவாலிராம்’ என்ற கற்பனைப் பாத்திரத்திற்குப் பிள்ளைகள் கடிதம் எழுதித் தம் ஐயங்களைக் கேட்டனர், விடைகளும் வந்தன. கற்பிக்க வந்த பல்கலைக்கழகம் அங்கே கற்றுக்கொள்ளவும் செய்தது. அறிஞருக்கு அடக்கமே அணி என்று நம் முன்னோர் சொன்னது அங்கு நடைமுறையாயிற்று.

1978இல் இம்முறை மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிவாயிற்று. 1982இல் இதைப் பேணி வளர்க்க ‘ஏகலவ்யா’ என்னும் நிறுவனம் உருவாயிற்று. பின்னர் வேறு மாவட்டங்களிலும் பல பள்ளிகள் இதனை மேற்கொண்டன.

ஏன் நின்றது?

முப்பது ஆண்டுகள் நடந்த அப்பணியை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. மற்ற மாவட்டங்களில் நடக்கும் பாடமே இங்கும் நடக்க வேண்டும் என்பது முடிவாயிற்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் மறுத்து எழுதினர். பயன் விளையவில்லை.

இதன் காரணங்களைப் பலர் பலவாறு கூறுவர். நமக்குத் தோன்றுவதை இங்குச் சொல்கின்றோம். அத்திட்டத்திற்கு இசைவு தந்தது ஓர் அரசாணை. அந்த இசைவைத் திரும்பப் பெறவும் ஓர் ஆணை போதுமானதாயிற்று. ஆசிரியர்கள் அதைத் தமதாக்கிக் கொண்டனர். பல்கலைக்கழகத்தாரும் தமதாக்கிக் கொண்டனர். பெற்றோரிடம் அது அதே ஆழத்தில் வேரூன்றவில்லை போலும். தம் பிள்ளை வகுப்பில் இலைகளைப் பிரித்துப் பார்ப்பதும் கற்களை வகைப்படுத்துவதும் ‘படிப்பு’ என்று எல்லாப் பெற்றோரும் ஏற்றுக்கொள்வதில்லை. பக்கத்து மாவட்டத்துப் பிள்ளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும்போது அவர்கள் மனம் கலங்குவது இயல்பு. அந்தக் கலக்கத்திற்கு விடை சொல்லாத எந்தச் சீர்திருத்தமும் காற்றில் வைத்த விளக்கே.

ஆயினும் அம்முயற்சி வீணாயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. 2005இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, செய்து கற்பதையும் சூழலிலிருந்து கற்பதையும் வலியுறுத்தியது. அதனை வகுத்த குழுவின் தலைவர் பேராசிரியர் யஷ்பால், ஹோஷங்காபாத் முயற்சியின் தொடக்க காலத்திலேயே அதற்குத் துணை நின்றவர். மூடிய கிணற்றின் ஊற்று வேறிடத்தில் கசிந்ததைப் போன்றது இது.

நம் மாநிலத்து முதுசொம்

ஊரார் பள்ளியைத் தமதெனக் கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. விருதுநகரில் வீடுதோறும் பிடியரிசி திரட்டி நடத்தப்பட்ட சத்திரிய வித்தியாசாலையில் பயின்றவரே காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தினார். தம் பள்ளிக்கு எது தேவை என்று ஊராரே பட்டியலிட்டு, பெஞ்சியும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தனர். அவரே பின்னர் 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார்.

1980இல் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் இதழை வெளியிட்டது. 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிற்காகப் பிள்ளைகள் தம் ஊரின் நீரையும் மண்ணையும் தாமே ஆய்ந்து கட்டுரை எழுதும் வழக்கமும் ஏற்பட்டது. 2022 நவம்பரில் தமிழக அரசு ‘வானவில் மன்றம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குச் சோதனைப் பொருள்களைப் பள்ளிக்கே கொண்டு செல்ல ஏற்பாடு செய்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை.

நம் வட்டாரத்திலேயே பல்கலைக்கழகத்தின் கை ஒன்று நீண்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களை ஆய்ந்து வருகிறது. 1971இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்திற்குக் கற்பித்தல், ஆராய்தல், ஆய்ந்ததை உழவரிடம் கொண்டு சேர்த்தல் என மூன்று கடமைகள் உண்டு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் அதன் பொறுப்பிலேயே தொடங்கிற்று. உழவரிடம் போவது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடமையானால், பள்ளிப் பிள்ளையிடம் போவது பிற பல்கலைக்கழகங்களின், கல்லூரிகளின் கடமையாகாதா?

நமக்குரிய பங்கு

இஸ்லாமிய வரலாறு இக்கேள்விக்குத் தரும் விடை தெளிவானது. நடுக்காலத்தில் பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்ற நேரங்கணிப்பாளர் பணியாற்றினார். டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர், அக்காலத்தின் தலைசிறந்த வானியலறிஞர். பள்ளிவாசலுக்கென அவர் 1371இல் ஒரு பெரிய நிழற்கடிகாரத்தை அமைத்தார். தொழ வரும் பொதுமக்களுக்கும் வானியலுக்கும் இடையே அன்று சுவர் இருந்ததில்லை. 1259இல் நஸீருத்தீன் தூஸி மராகாவில் அமைத்த வானாய்வுக்கூடம் வக்ஃபு வருமானத்தால் பேணப்பட்டது. அறிவுக்காக அறக்கொடை அளிப்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

அந்த மரபின் ஒரு கிளை தமிழகத்திலும் தழைத்தது. 1951இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும், மதுரை வக்ஃபு வாரியக் கல்லூரியும், திருச்சுழிக்குக் கிழக்கே இளையான்குடியில் 1970இல் உருவான டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியும் நம்மவர் கொடையால் எழுந்தவை. கல்லூரி கட்டுவதோடு கடமை முடிந்ததென்று நாம் இருந்துவிடலாகாது. அவற்றில் இயற்பியலும் வேதியியலும் கற்பிக்கும் பேராசிரியர்கள், மாதம் ஒரு நாள் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குச் சென்று, அங்குள்ள ஆசிரியரோடு சமமாக அமர்ந்து பேசும் வழக்கம் ஏற்பட வேண்டும். அதற்குரிய போக்குவரவுச் செலவையும் சிறு கருவிகளின் விலையையும் ஜமாஅத்துகள் ஏற்கலாம். அப்பள்ளியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். மழை ஊருக்குப் பொது, அறிவும் அவ்வாறே.

தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கரிசல் மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் நீரோடு குலுக்கி வைத்தால், மணல் கீழேயும் வண்டல் அதன் மேலேயும் களி உச்சியிலும் படிவதைக் காணலாம். கோடையில் நிலம் வெடிப்பதும் மழையில் அவ்வெடிப்பு மூடுவதும் அந்தக் களியின் செயல் என்பது அப்போது விளங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு தகரக் குவளையில் பிடித்து நாள்தோறும் அளந்து எழுதினால், கண்மாய் நிறைவதற்கும் அம்மழைக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகளே கண்டறிவர். ஓராண்டுக் குறிப்பை வேளாண் நிலையத்தார் முன் வைத்தால், அது அவர்களுக்கும் பயன்படும். பல்கலைக்கழகம் கொடுக்கவும் பள்ளி வாங்கவும் மட்டுமே பிறந்தவை என்ற எண்ணம் அன்று மறையும்.

இன்னுமொரு சோதனை நம் குடும்பங்கள் அனைத்தும் விரும்பிச் செய்யத்தக்கது. நம் ஊரில் சூரியன் தலைக்கு மேல் வருவதைப் போலவே, ஆண்டுக்கு இருமுறை கஅபாவுக்கு நேர் மேலேயும் வருகிறது. மே 27, 28 நாட்களில் நமது நேரப்படி பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15, 16 நாட்களில் 2.57க்கும் இது நிகழ்கிறது. அந்நேரத்தில் நம் வீட்டு முற்றத்தில் ஒரு கோலை நட்டால், நிழல் நீளும் திசைக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. திசைகாட்டி வேண்டியதில்லை. பூமி உருண்டை என்பதையும், அதன் சாய்வையும், தீர்க்கக்கோட்டுக் கணக்கையும் அந்த ஒரு நிழலைக் கொண்டே ஆசிரியர் கற்பித்துவிடலாம். தாயும் தந்தையும் உடன் நின்று பார்ப்பார்கள். இலைகளைப் பிரித்துப் பார்ப்பதும் நிழலை அளப்பதும் படிப்புத்தான் என்பது அன்று பெற்றோர்க்கும் விளங்கும். ஹோஷங்காபாத்தில் ஆழமாக இறங்காத வேர் இங்கே அவ்வழியே இறங்கக்கூடும்.

பெண்பிள்ளைகளை இதில் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது. கோல் நடவும் நிழல் அளக்கவும் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. இன்று அளந்து பார்க்கும் சிறுமி நாளை ஒரு வீட்டின் முதல் ஆசிரியை ஆவாள்.

வரும் ஆகஸ்டு 28ஆம் நாள் பள்ளிக்கூடங்கள் திறந்திருக்குமானால், வானமும் தெளிந்திருக்குமானால், நம் ஊர்ப் பள்ளியின் முற்றத்தில் ஒரு கோலை நடுவோம். ஆசிரியரையும் அழைப்போம், அருகிலுள்ள கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரையும் அழைப்போம், மோதினாரையும் அழைப்போம். 12.18க்கு நிழல் மறைவதை நால்வகையினரும் பிள்ளைகளோடு சேர்ந்து காணட்டும். பூட்டிய அலமாரியின் சாவி அந்த முற்றத்தில்தான் இருக்கிறது என நாம் நம்புகின்றோம். பயனுள்ள அறிவை நம் மக்களுக்கு எல்லாம் வல்ல அல்லாஹ் வழங்குவானாக!